ஞாயிறு காலை மொஹிங்கா, மற்ற நாள் சோறும் ஹின்னும்

சிங்கப்பூரில் பர்மியச் சாப்பாடு வேண்டும் என்றால் யாரைக் கேட்டாலும் பெனின்சுலா பிளாசாவுக்குத்தான் வழி சொல்வார்கள். நார்த் பிரிட்ஜ் ரோட்டில் இருக்கிறது, சிட்டி ஹால் எம்ஆர்டி ரயில் நிலையத்தில் இறங்கி நடந்தே போய்விடலாம். பணம் அனுப்பும் கடை, லோங்யி எனப்படும் பர்மியக் கைலிக் கடை, உலர்ந்த இறாலும் ஊறுகாயும் விற்கும் மளிகை என்று பர்மியர்களின் நடமாட்டம் நிறைந்த கட்டடம் அது. அங்கே ஒரு குடும்பம் நடத்தும் சின்னச் சாப்பாட்டுக் கடை பற்றியது இது. மேசைகள் ஆறே ஆறு. அடுப்படியில் கணவர், கல்லாவில் மனைவி. மூலையில் உட்கார்ந்து 'தோ' எனப்படும் பர்மியக் கலவையைக் (சாலட்) கையால் பிசைவது மனைவியின் அம்மா. லபெத் தோவுக்கும் (புளித்த தேயிலைக் கலவை) மொஹிங்காவுக்கும் (மீன் குழம்பில் அரிசி நூடுல்ஸ்) சோற்றுச் சாப்பாட்டுக்கும் இங்கே தாராளமாகப் போகலாம். பிரியாணிக்காகப் போக வேண்டாம்.

முதல் தடவை போகிறவர்கள் செய்யும் தவறு, படம் பார்த்து ஆளுக்கொரு தட்டு கேட்பது. பர்மியச் சாப்பாட்டை அப்படித் தனித்தனியாகப் பிரித்தால் ஒன்று எண்ணெயாகத் தெரியும், ஒன்று நாறும், ஒன்று வெறும் புளிப்பாக இருக்கும். இரண்டு பேர் போனால் சோறு இரண்டு, ஹின் எனப்படும் குழம்பு ஒன்று, புளிச்சக்கீரை வதக்கல் ஒன்று, தோ ஒன்று கேளுங்கள். புளிப்பு சூப்பும், ஙபி யே என்னும் மீன் விழுதுக் கரைசலும், தொட்டுக்கொள்ளக் காய்கறித் தட்டும் சோற்றோடு தானாக வரும். எல்லாவற்றையும் மேசை நடுவில் வைத்துப் பகிர்ந்து சாப்பிடுவதுதான் முறை. இருவருக்கு 30 வெள்ளிக்குள் (சிங்கப்பூர் டாலர்) முடிந்துவிடும்.

ஹின் வந்ததும் பலர் முகம் சுளிப்பதைப் பார்க்கலாம். மேலே அரை விரல் உயரத்துக்கு எண்ணெய் நிற்கும். அது கைதவறி ஊற்றியதல்ல. 'சீ ப்யான்' என்பது அந்தச் சமையல் முறையின் பெயர், எண்ணெய் திரும்பி வருவது என்று பொருள். நம் அடுப்படியில் 'எண்ணெய் பிரிந்து வரும்வரை வதக்கு' என்று சொல்வது அதேதான். வெங்காயம், பூண்டு, இஞ்சி, மிளகாய் விழுதை மஞ்சளோடு எண்ணெயில் போட்டு, வெங்காயத்தின் நீர் முழுக்க வற்றி விழுது கரையும்வரை சிறுதீயில் விடவேண்டும். பிறகு கறியைப் போட்டுக் கொஞ்சம் கொஞ்சமாக நீர் சேர்த்து, அந்த நீரும் வற்றி எண்ணெய் மறுபடி மேலே வந்தால் ஆயிற்று. அவசரப்பட்டால் வெங்காயம் நறநறவென்று நிற்கும், மஞ்சளின் பச்சை வாடை போகாது, குழம்பு கலங்கித் தண்ணீராகக் கிடக்கும். இந்தக் கடையின் பன்றிக்கறி ஹின்னில் வெங்காயம் இருந்த தடமே தெரியாது. மல்லித்தூளும் சோம்பும் தேடும் நாக்குக்கு முதல் இரண்டு கவளம் சப்பென்று இருக்கலாம், மூன்றாவதில் வெங்காயத்தின் இனிப்பு பிடிபடும். எண்ணெய் வேண்டாதவர்கள் கரண்டியால் அதை ஓரம் ஒதுக்கி அடியிலிருந்து எடுத்துக்கொள்ளலாம், பர்மியர்களே அப்படித்தான் எடுப்பார்கள். இறால் ஹின் மட்டும் மதியத்துக்குள் கேளுங்கள். மாலையில் மறுபடி சூடாக்கித் தருவதால் ரப்பர் மாதிரி ஆகிவிடுகிறது.

அந்த எண்ணெய்க்கு எதிர்ப்பக்கம் நிற்பது புளிப்பு. 'சின் பவுங்' என்று பட்டியலில் இருப்பது நம் புளிச்சக்கீரையேதான். மூங்கில் குருத்தும் இறாலும் பச்சைமிளகாயும் சேர்த்துச் சுண்ட வதக்குகிறார்கள். கோங்குரா ஊறுகாய் பழகியவர்களுக்கு அறிமுகமே வேண்டாம்.

ஙபி யே என்பது புளிக்கவைத்த மீன் விழுதைக் கொதிக்கவைத்து, பூண்டும் மிளகாயும் கலந்து தரும் கரைசல். 'ங'வில் தொடங்கும் உணவு தமிழ் நாவுக்குப் புதிது, வாடையும் அப்படித்தான். முகர்ந்து பார்த்து முடிவெடுக்க வேண்டாம். காய்கறித் தட்டுக்குப் பர்மிய மொழியில் 'தோ ஸயா' என்று பெயர், தொட்டுக்கொள்ளும் பண்டம் என்றே அர்த்தம். அதிலுள்ள வெள்ளரி, வேகவைத்த வெண்டை, பச்சைக் கத்தரி இவற்றின் நுனியில் மட்டும் ஙபியைத் தொட்டுச் சோற்றுக்கு நடுவே கடியுங்கள். சோற்றில் ஊற்றிப் பிசைந்தால் மற்ற எல்லா ருசியையும் அது விழுங்கிவிடும்.

இனி லபெத் தோ. பழத்தில் மா, கறியில் பன்றி, இலையில் லபெத் என்று பர்மியர்களிடம் ஒரு சொலவடை உண்டு. தேயிலைக் கொழுந்தை ஆவியில் வேகவைத்து, அழுத்திப் பாரம் ஏற்றி, மாதக்கணக்கில் புளிக்கவைத்தது லபெத். ஷான் மாநிலத்து மலைகள், குறிப்பாக நம்ஸான் பக்கம், பலாவுங் மக்கள் வளர்க்கும் தேயிலைக்குப் பேர்போனவை. கடையில் அந்த அம்மா பிசைவதை நின்று பார்க்கலாம், யாரும் தடுக்கமாட்டார்கள். இரண்டு மேசைக்கரண்டி லபெத்தை முதலில் கடலை எண்ணெய் விட்டு விரல்நுனியால் கசக்குகிறார். இலை நெகிழ்ந்து பளபளக்கும்வரை வேறெதுவும் சேர்ப்பதில்லை. பிறகு பொடியாக நறுக்கிய பூண்டும் பச்சைமிளகாயும், சில சொட்டு மீன் சாறு, எலுமிச்சை. அடுத்து மெல்லியதாகச் சீவிய முட்டைக்கோசு, விதை எடுத்த தக்காளி. கடைசியில்தான் வறுத்த கடலைப்பருப்பு, மொச்சை, வேர்க்கடலை, எள், பொரித்த பூண்டு, உலர்ந்த இறால் எல்லாம் ஒரு கைப்பிடி. இரண்டே புரட்டு, தட்டு மேசைக்கு வந்துவிடும்.

வரிசை மாறினால் எல்லாம் கெடும். உப்பும் புளிப்பும் பட்டதும் தக்காளி நீர் விடும், அந்த நீரில் பருப்பு ஐந்து நிமிடம் கிடந்தாலே மொறுமொறுப்பு போய்விடும். பல கடைகளில் லபெத் தோ சதசதவென்று வருவதற்குக் காரணம், கூட்ட நேரத்துக்கென்று முன்கூட்டியே கலந்துவைப்பதுதான். இங்கே கேட்டபிறகே பிசைகிறார்கள், அதனால் பத்து நிமிடம் காத்திருக்க வேண்டும். வந்த உடனே சாப்பிட்டுவிடுங்கள், படம் எடுத்துக்கொண்டிருந்தால் நஷ்டம் உங்களுக்குத்தான்.

இலையின் நிறத்தையும் பாருங்கள். நல்ல லபெத் கறுத்த பச்சை, கிட்டத்தட்ட பழுத்த ஆலிவ் நிறம். 2009இல் ஆரமைன் ஓ என்ற துணிச்சாயம் கலந்திருந்ததால் பல லபெத் பிராண்டுகள் தடை செய்யப்பட்டன. கண்ணைப் பறிக்கும் பச்சையில் இருந்தால் எந்தக் கடையானாலும் விட்டுவிடுங்கள். இன்னொன்று: இது தேயிலை, குடிக்காமல் மென்று தின்கிறோம், அவ்வளவுதான் வித்தியாசம். இரவு எட்டு மணிக்கு ஒரு முழுத்தட்டு சாப்பிட்டால் தூக்கம் தள்ளிப்போகும்.

மொஹிங்கா காலை உணவு. இந்தக் கடையில் சனி, ஞாயிறு மட்டுமே, ஒரே ஒரு பெரிய பானை. ஞாயிறு பத்து மணிக்குள் போய்விட வேண்டும், பதினொன்றரைக்குப் பானை காலி. கிண்ணம் 7 வெள்ளி. கெளுத்தி வகை மீனை எலுமிச்சைப்புல்லும் மஞ்சளும் போட்டு வேகவைத்து, முள் நீக்கி, சதையை உதிர்த்து, வெங்காய-இஞ்சி-பூண்டு விழுதில் ஈரம் போக வதக்கிய பிறகே மறுபடி அந்த வேகவைத்த நீரில் சேர்க்கிறார்கள். இந்த வதக்கலைத் தவிர்த்தால் மீன் கவிச்சி கடைசிவரை போகாது. வறுத்த அரிசிமாவும் கடலைமாவும் குளிர்ந்த நீரில் கரைத்து ஊற்றுவதால்தான் குழம்பு கெட்டியாகிறது. சூடான நீரில் கரைத்தால் கட்டி தட்டும், கிளறாமல் விட்டால் அடிபிடிக்கும். பதம் ரசத்துக்கும் சாம்பாருக்கும் நடுவே இருக்க வேண்டும். பானையின் அடிக்கு வந்தபின் கிடைக்கும் கிண்ணம் கூழாக இருக்கும், சீக்கிரம் போகச் சொல்வதற்கு அதுவும் ஒரு காரணம்.

உள்ளே வட்டவட்டமாக வாழைத்தண்டு கிடக்கும். அதை வாயில் போட்டால் கடை எப்படிப்பட்டது என்று தெரிந்துவிடும். நறுக்கும்போது ஒவ்வொரு வில்லைக்கும் நாரை விரலில் சுற்றி எடுக்காவிட்டால் பல்லில் நூலாக மாட்டும். இங்கே ஒரு நார்கூட மாட்டுவதில்லை, கடித்தால் நறுக்கென்று உடைகிறது. கூடவே வேகவைத்த முட்டை, மல்லித்தழை, சுரைக்காய் பஜ்ஜி, 'பெ ஜோ' என்னும் பருப்புத் தட்டை. தட்டையில் பாதியைப் பொடித்துக் குழம்பில் ஊறவிட்டு, பாதியைக் கையில் வைத்துக் கடித்துக்கொள்ளுங்கள். எலுமிச்சையை முதலில் பிழியுங்கள், மிளகாய்த்தூள் பிறகு, மீன் சாறு ருசி பார்த்து மட்டும். சென்னை பர்மா பஜார் பக்கத்து அத்தோ கடைகளில் மீன் இல்லாத வாழைத்தண்டு சூப் குடித்துப் பழகியவர்கள் அதன் தாய்வீட்டை இந்தக் கிண்ணத்தில் பார்க்கலாம். அத்தோ என்ற பெயரும் இந்த 'தோ'விலிருந்து வந்ததுதான்.

சைவர்கள் கவனமாக இருக்க வேண்டும். கறி வேண்டாம் என்று மட்டும் சொன்னால் இறைச்சி மட்டும் இருக்காது, உலர்ந்த இறாலும் மீன் சாறும் வந்தே தீரும். 'தெத் தத் லூத்' என்று சொல்லுங்கள், உயிர்க்கொலை இல்லாத உணவு என்று பொருள். உடனே புரிந்துகொண்டு இறால் இல்லாமல், மீன் சாற்றுக்குப் பதில் உப்பு போட்டுப் பிசைந்து தருவார்கள். ஷான் தோஃபு கேட்கலாம், அதில் சோயா கிடையாது, கடலைமாவைக் கிளறி உறையவைத்தது. பொரித்தால் வெளியே மொறுமொறு, உள்ளே அல்வா போல வழவழ. ஆனால் பன்றிக்கறியும் இதே அடுப்படியில்தான் சமைக்கிறார்கள், ஹலால் சான்றிதழ் இல்லை.

குறைகளும் உண்டு. டான்பௌ என்னும் பர்மிய பிரியாணி வறண்டு, கோழி தனியே சோறு தனியே கிடக்கிறது. பால்டீயில் சர்க்கரைப்பால் அளவுக்கு மீறுகிறது, இனிப்பைக் குறைக்கச் சொன்னால் கேட்டுப் போடுகிறார்கள். ரொக்கம் அல்லது பேநவ் (கைப்பேசி வழிப் பணம்) மட்டுமே, அட்டை எடுப்பதில்லை. ஞாயிறு மதியம் பன்னிரண்டிலிருந்து மூன்றுவரை தீவு முழுக்க வேலை செய்யும் பர்மியர்கள் விடுமுறைக்கு வந்து நிறைந்திருப்பார்கள், ஆறு மேசையில் இடம் கிடைக்காது, கிடைத்தாலும் உட்கார்ந்து பேசும் இடமல்ல. பில்லோடு ஒரு கிண்ணத்தில் பனைவெல்லத் துண்டுகள் வரும், அதற்குக் காசில்லை.

தாப்பாவ், அதாவது பார்சல், வாங்குவதானால் லபெத் தோவைக் கலக்காமல் கேளுங்கள். இலை ஒரு டப்பாவிலும், பருப்பு ஒரு பையிலும், கோசும் தக்காளியும் தனியாகவும் கட்டித் தருவார்கள். எலுமிச்சை மட்டும் சொன்னால்தான் வைப்பார்கள்.