பேக்கப் ஏஎம்சி போட்டிருக்கீங்களா? ஃபுல் பேக்கப் எங்க இருக்குன்னு இன்னிக்கே கேளுங்க

ராயப்பேட்டை, திருவல்லிக்கேணி பக்கம் பிரெஸ், ஸ்டுடியோ, ஆடிட்டர் ஆபீஸ் வச்சிருக்கவங்க கொஞ்சம் படிங்க, எங்க பேக்கப்ப பாத்துக்கிட்ட கம்பெனி ஆளுங்க அங்கதான் கடை கடையா ஏறி எறங்கி ஏஎம்சி, அதாவது வருஷ பராமரிப்பு ஒப்பந்தம், புடிச்சிட்டிருக்காங்க. வக்கீல் கிட்ட பேசிட்டிருக்கறதால பேர் போடல.

எங்களது கல்யாணப் பத்திரிகை அடிக்கிற பிரெஸ். கோரல்டிரா டிசைன் எல்லாம் ஒரே கம்ப்யூட்டர்ல. ஆடி முடியப் போகுது, ஆவணி முகூர்த்த ஆர்டர் குவியுது, கரெக்டா அப்ப ஹார்ட் டிஸ்க் படுத்துடுச்சு. டிஸ்க்னா ஒரு நாள் போகத்தான் செய்யும், அதுக்குத்தானே மாசா மாசம் காசு குடுக்கறோம், தினமும் ராத்திரி "பேக்கப் சக்சஸ்"னு மெயில் வேற வருதுன்னு தைரியமா இருந்தோம்.

அவங்க பையன் வந்து நேஸ் பாக்ஸ, அதாவது பேக்கப் போய் சேர்ற நெட்வொர்க் டிஸ்க் பெட்டிய, தெறந்தா தேதி தேதியா ஃபோல்டர் இருக்கு, உள்ள பாத்தா ஒண்ணொண்ணுலயும் அன்னன்னிக்குக் கை வச்ச ஃபைல் மட்டும்தான். அதெல்லாம் இன்க்ரிமென்டல் பேக்கப், அதாவது முந்தின பேக்கப்புக்கு அப்புறம் மாறினத மட்டும் எடுத்து வைக்கும். ரீஸ்டோர் பண்ணணும்னா, அதாவது ஃபைல திரும்ப கொண்டு வரணும்னா, மொதல்ல ஃபுல் பேக்கப்ப, எல்லா ஃபைலையும் மொத்தமா எடுத்து வச்ச காப்பிய, எறக்கிட்டு அதுக்கு மேல ஒவ்வொரு நாளையும் வரிசையா போட்டுட்டு வரணும், நடுவுல ஒரு நாள் இல்லன்னா அன்னிக்கு மட்டும் மாறின ஃபைல் பழைய மாதிரியே நிக்கும்.

எங்க கேஸ்ல நடுவுல எல்லாம் ஓட்டை இல்ல, அடியே இல்ல. ஃபுல் பேக்கப் எங்கப்பான்னு கேட்டா "எடம் ஃபுல் ஆயிடுச்சு சார், பழசா பெருசா ஒரு ஃபோல்டர் கெடந்துச்சு, க்ளியர் பண்ணிட்டோம், அதான் டெய்லி பேக்கப் இருக்கே"ங்கறான். அஸ்திவாரத்த தோண்டிட்டு மாடி இருக்கேன்ற கதை.

எங்க தொழில்ல பழைய டிசைன்தான் சொத்து, மூத்த பொண்ணுக்கு அடிச்ச பத்திரிகை மாதிரியே சின்னவளுக்கும் வேணும்னு வருவாங்க. அந்த ஃபைல அதுக்கப்புறம் யாரும் தொட்டிருக்க மாட்டாங்க, தொடாதது எந்த இன்க்ரிமென்டல்லயும் வராது, ஃபுல்ல மட்டும்தான் இருக்கும். அதனால புது ஆர்டர் கொஞ்சம் கெடச்சுது, பழசு மொத்தமும் போச்சு.

அப்ப தெனமும் சக்சஸ்னு வந்தது என்னன்னு தெரிஞ்ச ஒருத்தர விட்டுப் பாக்கச் சொன்னோம். சாஃப்ட்வேர்னு சொல்லி மாட்டிவிட்டது விண்டோஸ்லயே ஓசில வர்ற ரோபோகாப்பின்ற ஃபைல் காப்பி பண்ற டூல ஓட்டற ஒரு ஸ்கிரிப்ட்! ஃபைல் மாறினா விண்டோஸ் அதுக்கு ஆர்க்கைவ் பிட்டுன்னு ஒரு குறி போடும், ஸ்கிரிப்ட் குறி இருக்கறத மட்டும் காப்பி பண்ணிட்டு குறிய அழிச்சிடும், அவ்வளவுதான் வேலை, ஃபுல் உயிரோட இருக்கா செத்துச்சான்னு அது எட்டிக்கூடப் பாக்காது. ஓசி டூல் ஓட்டறதுல தப்பில்ல, ஃபுல்ல அழிச்சதுமே மறுபடி ஒரு ஃபுல் எடுத்திருந்தா இந்தப் பதிவே வந்திருக்காது.

இப்ப அவங்க ஓனர் டிஃபரன்ஷியலுக்கு, அதாவது கடைசி ஃபுல்லுக்கு அப்புறம் மாறினது எல்லாத்தையும் ஒவ்வொரு தடவையும் எடுக்கற முறைக்கு, மாத்தித் தரேன், ரேட் கொஞ்சம் கூடன்றாரு. அதுல ரீஸ்டோர் சுலபம்தான், ஃபுல்லும் கடைசி டிஃபரன்ஷியலும் போதும், ஆனா அதுக்கும் ஃபுல் வேணுமே சாமி. காசத் திருப்பிக் கேட்டா "அக்ரிமென்ட்ல டெய்லி பேக்கப்னுதான் இருக்கு, ரீஸ்டோர்னு எங்கயும் இல்லயே"ன்றாரு. எடுத்துப் பாத்தா நெசமாவே இல்ல.

உங்க ஆளுங்கள கூப்பிட்டு கடைசி ஃபுல் என்னிக்கு எடுத்தது, புது ஃபுல் எடுக்கறதுக்கு முன்னாடி பழச அழிப்பீங்களான்னு கேளுங்க. அப்பறம் ஒரு வருஷமா யாரும் தொடாத ஃபைல் ஒண்ண சொல்லி வேற கம்ப்யூட்டர்ல எறக்கிக் காட்டச் சொல்லுங்க, நேத்து செஞ்ச ஃபைல காட்டினா ஒத்துக்காதீங்க.

எங்க டிசைனர் தம்பி பழைய பத்திரிகைங்கள ஸ்கேன் பண்ணி வச்சு ஒண்ணொண்ணா திரும்ப வரைஞ்சிட்டிருக்கான். அந்தக் கூலிய அவங்கதான் தரணும்னு எழுதிக் குடுத்திருக்கோம், இதுவரைக்கும் பதில் இல்ல.