கண்ணாடி வீட்டில் வாழும் எண்: ஸம்யாதினின் ‘நாம்’ நாவல்

எல்லோரும் ஒரே அச்சில் வார்த்ததுபோல் வாழ வேண்டும் என்று வற்புறுத்தும் சமூகத்தைத் தனியொருவன் எதிர்க்கும் கதைகளில், அந்த ஒருவன் பெரும்பாலும் முதல் பக்கத்திலேயே மனம் கசந்தவனாக இருப்பான். யெவ்கேனி ஸம்யாதின் 1920, 21 ஆண்டுகளில் எழுதிய ‘நாம்’ என்ற ருஷ்ய நாவலின் டி-503 அப்படிப்பட்டவன் அல்லன். விண்கலம் கட்டும் பொறியாளனான அவன், பெயருக்குப் பதில் எண் தாங்கி, கண்ணாடிச் சுவர்களுக்குள் குடியிருந்து, ஒவ்வொரு கவளத்தையும் விதிப்படி 50 முறை மென்று விழுங்கும் வாழ்க்கையை மனமார நேசிக்கிறான். ஆகவே போராட்டம் முழுவதும் அவனுக்குள்ளேயே நடக்கிறது; என்னை இந்நாவலோடு கட்டிப்போட்டதும் அதுதான்.

டி-503இன் கைகளில் முடி அடர்ந்திருக்கிறது. அவற்றை யாராவது பார்த்தாலே அவன் கூசிப்போகிறான், ஏனெனில் கணக்குக்கு அடங்காத ஆதிமனிதன் ஒருவன் தன் உடம்பிலேயே தங்கிவிட்டதற்கு அவையே சாட்சி. சாதாரண எண் எதிலும் அடங்காத மைனஸ் ஒன்றின் வர்க்கமூலத்தைப் பள்ளியில் கேட்டு அழுதவன், அரசை எதிர்க்கும் ஐ-330 என்ற பெண்ணைச் சந்தித்த பிறகு கனவு காணத் தொடங்குகிறான்; மருத்துவரோ அவனுக்குள் ஆன்மா உருவாகிவிட்டது என்று அதை ஒரு நோயாகவே அறிவிக்கிறார். இப்பகுதிகளில் ஸம்யாதினின் எழுத்து உச்சத்தில் இருக்கிறது.

ஐ-330இன் பாத்திரப் படைப்பில் எனக்கு மனக்குறை உண்டு. கடைசி எண் என்று ஒன்று இல்லாததுபோலக் கடைசிப் புரட்சி என்றும் ஒன்று இல்லை என அவள் வாதிடும் இடம் அபாரம். ஆனால் அவளுடைய அச்சமும் தயக்கமும் நமக்குத் தெரியவருவதே இல்லை. பாதியில் அறுந்து நிற்கும் வாக்கியங்களும் தொடக்கத்தில் சற்றே சோதிக்கும்.

1924இல் நியூயார்க்கில் ஆங்கில மொழிபெயர்ப்பாக வெளிவந்த இந்நாவல், சோவியத் மண்ணில் அச்சேற 1988 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. எழுத இடமில்லாமல் போன ஸம்யாதின், நாட்டை விட்டு வெளியேற அனுமதி கேட்டு 1931இல் ஸ்டாலினுக்கே கடிதம் எழுதினார். 1937இல் பாரிஸில் இறந்தார்.

நாயகன் வெல்வான் என்று எதிர்பார்ப்பவர்களுக்கு இறுதிப் பக்கங்கள் கடுமையாகவே இருக்கும். என் பார்வையில் நாவலின் மிகத் துணிச்சலான மனுஷி ஓ-90தான். தாய்மைக்கு அரசு விதித்த உயரத்தைவிட 10 சென்டிமீட்டர் குறைந்தவள் என்பதால் பிள்ளை பெறும் உரிமை மறுக்கப்பட்ட அவள், விதியை மீறிக் கருவுற்று, அந்தக் குழந்தைக்காக, நகரை வெளியுலகிலிருந்து பிரிக்கும் பச்சைச் சுவரைத் தாண்டிப் போகிறாள். அவளுக்கு ஸம்யாதின் இன்னும் சில அத்தியாயங்களை ஒதுக்கியிருக்க வேண்டும்.