பழைய டி.வி.க்கு கேபிளா, டிஷ்ஷா? முதலில் பின்பக்கத்தைப் பாருங்கள்

சேலத்தில் படக்குழாய் டி.வி. இன்னும் ஓடும் வீடுகளுக்குக் குறைவில்லை. 2006 தேர்தல் வாக்குறுதியாக வந்து, அடுத்த ஐந்தாண்டுகளில் தமிழக அரசு இலவசமாகக் கொடுத்த 14 அங்குல வண்ண டி.வி.க்களில் பல, அம்மாபேட்டை, கொண்டலாம்பட்டி தறிவீடுகளில் இன்றும் அலமாரிமேல் உட்கார்ந்திருக்கின்றன. ஹாலில் பெரிய எல்.இ.டி. வந்துவிட்ட வீடுகளில்கூடப் பாட்டியின் அறையில் இருப்பது பழைய ஓனிடாவோ வீடியோகானோதான். "இதில் இனிமேல் சேனல் வராது, தூக்கிப் போடுங்கள்" என்பவர்களை விசாரித்தால் பெரும்பாலும் புது டி.வி. விற்பவர்களாக இருப்பார்கள். சேனல் வரும். எந்த வழியில் வரவழைப்பது என்பதுதான் கேள்வி. அதற்கு டவுனுக்குள் இருக்கும் செவ்வாய்ப்பேட்டைக்கு ஒரு விடை, மலைமேல் இருக்கும் ஏற்காட்டுக்கு வேறு விடை.

முன்பெல்லாம் கேபிள்காரர் இழுத்துவிட்ட வயரை டி.வி.யின் முதுகில் நேராகச் செருகினால் போதும். ஒவ்வொரு சேனலும் தனித்தனி அலைவரிசையில் வந்தது; டி.வி.க்குள் இருந்த ட்யூனரே பிரித்துக்கொண்டது. டிஜிட்டலில், ஒரு சேனல் அடைத்துக்கொண்டிருந்த இடத்தில் பத்துக்கும் மேற்பட்டவற்றைச் சுருக்கி, பூட்டுப் போட்டு அனுப்புகிறார்கள். பூட்டைத் திறப்பது செட்டாப் பாக்ஸ். சட்டப்படி சென்னைக்கு 2012 அக்டோபர், கோவைக்கு 2013 மார்ச், சேலம் போன்ற மற்ற நகரங்களுக்கு 2015 டிசம்பர், கிராமங்களுக்கு 2017 மார்ச் என்று கெடு வைத்தார்கள். தமிழ்நாட்டில் கெடுக்கள் இழுத்துக்கொண்டே போயின. அரசு கேபிள் நிறுவனத்துக்கு டிஜிட்டல் உரிமம் கிடைத்ததே 2017 ஏப்ரலில்தான். இலவச பாக்ஸ் கொடுக்கத் தொடங்கியது அந்த ஆண்டு செப்டம்பரில். மொட்டைமாடி ஆன்டெனாவை நம்பியும் பயனில்லை. தூர்தர்ஷன் தன் அனலாக் தரைவழி ஒளிபரப்பை, எல்லைப்புறம் போன்ற சில இடங்கள் தவிர, நிறுத்திவிட்டது. அந்தக் கம்பத்தில் இனி கொடிக்கயிறு கட்டலாம்.

ஆக, எதை வாங்கினாலும் நடுவில் ஒரு பாக்ஸ் உண்டு. அந்த பாக்ஸ் உங்கள் டி.வி.யோடு ஒத்துப்போகுமா என்பதை டி.வி.யின் பின்பக்கம் சொல்லிவிடும். மஞ்சள், வெள்ளை, சிவப்புத் துளைகள் இருந்தால் கவலையில்லை. மஞ்சள் படத்துக்கு, மற்ற இரண்டும் ஒலிக்கு. 14 அங்குல டி.வி.யில் ஒரே ஸ்பீக்கர் என்பதால் மஞ்சளும் வெள்ளையும் மட்டும் இருக்கலாம். சிவப்பு வயர் சும்மா தொங்கட்டும். பிறகு ரிமோட்டில் ஏ.வி. பொத்தானை அழுத்த வேண்டும். இதை அழுத்தாமல், "தம்பி, புள்ளி புள்ளியாகவே தெரிகிறதே" என்று கேபிள்காரரை வரவழைக்கும் பாட்டிகள் எல்லாத் தெருவிலும் இருக்கிறார்கள்.

சிறிய பாக்ஸ்களில் மூன்று துளைகளுக்குப் பதிலாக ஹெட்போன் மாட்டுவது போன்ற ஒற்றைத் துளைதான் இருக்கும். ஒரு முனையில் அதற்கான குச்சி, மறுமுனையில் மூன்று நிறங்கள் என்று ஒரு வயர் கூடவே வரும். அதைத் தொலைத்துவிட்டால் சிக்கல். கடையில் கிடைக்கும் வயர் பார்க்க அச்சாக அதேபோல் இருக்கும். ஆனால் குச்சியில் உள்ள கறுப்பு வளையங்களுக்கு இடையே எந்தப் பகுதி படம், எது ஒலி, எது எர்த் என்ற வரிசை தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் மாறும். திரை கறுப்பாக இருந்து ஸ்பீக்கரில் இரைச்சல் மட்டும் வந்தால், படம் ஒலியின் பாதையில் போகிறது என்று அர்த்தம். நிறத்தைப் பார்க்காமல் சிவப்பு முனையை மஞ்சள் துளையில் செருகிப் பாருங்கள். பல சமயம் படம் வந்துவிடும். அப்போதும் வராவிட்டால் எர்த் இடம் மாறியிருக்கிறது, வயரையே மாற்ற வேண்டும்.

நிறத்துளையே இல்லாமல் ஆன்டெனா துளை மட்டும் உள்ள இன்னும் பழைய டி.வி. என்றால், ஆர்.எஃப். மாடுலேட்டர் என்ற சின்னக் கருவி நடுவில் வர வேண்டும். பாக்ஸிலிருந்து வரும் படத்தையும் ஒலியையும் அது பழையபடி ஒரு சேனல் அலையாக மாற்றித் தரும், டி.வி.யில் மூன்றோ நான்கோ, அதில் குறித்திருக்கும் சேனலைத் தேடிப் பிடித்துக்கொள்ளலாம். சில நூறு ரூபாய் சமாசாரம். வாங்கும்போது, நம் நாட்டு ஒளிபரப்பு முறையான பால் (PAL), அமெரிக்க முறையான என்.டி.எஸ்.சி. (NTSC) என்று மாற்றும் சுவிட்ச் இருக்கிறதா, அது பால் பக்கம் இருக்கிறதா என்று பாருங்கள். நம் டி.வி.க்கள் படத்துக்கும் ஒலிக்கும் இடையே 5.5 மெகாஹெர்ட்ஸ் தூரத்தை எதிர்பார்ப்பவை. அமெரிக்க முறையில் அது 4.5. சுவிட்ச் மாறியிருந்தால் படம் வந்தாலும் பேச்சே கேட்காது.

டி.வி. தயார். இனி எந்த இணைப்பு?

சேலம் டவுனுக்குள் என் ஓட்டு கேபிளுக்கு. விலை காரணமல்ல. அரசு கேபிள் 2011 செப்டம்பரில் மாதம் 70 ரூபாய்க்கு 90 சேனல் என்று தொடங்கியபோது டிஷ்காரர்கள் பக்கத்திலேயே வர முடியவில்லை. அந்தக் காலம் முடிந்துவிட்டது. 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த, தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் விதி, கேபிளுக்கும் டி.டி.எச். எனப்படும் டிஷ் சேவைக்கும் ஒரே உச்சவரம்பை வைத்தது. 100 சேனல்களுக்கு 130 ரூபாய், 18 சதவீத ஜி.எஸ்.டி.யோடு 153 ரூபாய் 40 காசு, கட்டணச் சேனல்கள் தனி. பிறகு எண்ணிக்கையும் தொகையும் மாறின. ஆனால் இரண்டுக்கும் நடுவே இருந்த பெரிய பள்ளம் அப்போதே நிரவப்பட்டுவிட்டது. கேபிளை நான் சொல்வதற்குக் காரணம் ஆள். குகை, தாதகாப்பட்டி போன்ற பகுதிகளில் படம் நின்றால் கேபிள்காரர் சைக்கிள் தூரத்தில் இருக்கிறார். மாதப் பணம் நான்கு நாள் தள்ளிப்போனாலும் முகம் பார்த்துப் பொறுத்துக்கொள்வார். டி.டி.எச்.சில் ரீசார்ஜ் முடிந்த நிமிடம் திரை இருட்டாகிவிடும். தொலைபேசியில் ஒன்றை அழுத்து, இரண்டை அழுத்து என்று பாட்டி அல்லாட வேண்டும்.

கேபிளின் குறையையும் சொல்லிவிட வேண்டும். தெருவில் மின்சாரம் போனால் உங்கள் வீட்டு இன்வெர்ட்டர் உதவாது. வழியில் கம்பத்தில் உள்ள ஆம்ப்ளிஃபயருக்கும் மின்சாரம் வேண்டும். மைய அமைப்பில் கோளாறு வந்தால் ஊரே சேர்ந்து இருளும். 2022 நவம்பரில் மென்பொருள் சிக்கலால் அரசு கேபிள் பாக்ஸ்கள் லட்சக்கணக்கில் முடங்கியபோது, தெருக் கேபிள்காரரால் கையைப் பிசைவதைத் தவிர ஒன்றும் செய்ய முடியவில்லை. ஒரு நிறுவனத்தின் பாக்ஸ் இன்னொரு நிறுவனத்தின் வயரில் வேலை செய்யாது என்பதால் அவசரத்துக்கு மாற்றவும் முடியாது.

ஏற்காட்டில் இந்தக் கணக்கு தலைகீழ். ஒண்டிக்கடை, கடைவீதி சுற்றுவட்டாரத்தை விட்டு நாகலூர்ப் பக்கமோ எஸ்டேட் தொழிலாளர் லைன் வீடுகளுக்கோ போனால் வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவே காப்பித் தோட்டம். நாலு வீட்டுக்காக அவ்வளவு தூரம் வயர் இழுத்தால் எந்த ஆபரேட்டருக்கும் கட்டுபடியாகாது. இழுத்தாலும் சித்திரை இடியில் ஆம்ப்ளிஃபயர் போகும், விழும் கிளையில் வயர் போகும், மீதியைக் குரங்கு பார்த்துக்கொள்ளும். அங்கே டிஷ்தான்.

"சுற்றிலும் மலை, டிஷ் எடுக்குமா?" என்று பலரும் தயங்குகிறார்கள். மலை தடையே இல்லை. தூர்தர்ஷனின் இலவச டிஷ் சேவையான ஃப்ரீ டிஷ் வரும் ஜிசாட்-15 செயற்கைக்கோள் 93.5 பாகை கிழக்கில் நிற்கிறது. சேலம் வட்டாரத்திலிருந்து அது தென்கிழக்கில், அடிவானத்திலிருந்து சுமார் 67 பாகை உயரத்தில், ஏறக்குறைய தலைக்கு மேலே. டிஷ் கிண்ணத்தைப் பார்த்தால் அவ்வளவு அண்ணாந்திருப்பதாகத் தெரியாது; அலையைச் சாய்வாக வாங்கும் வடிவம் அது. எதிர் மலைச்சரிவு அந்த உயரத்தை எட்டாது. எட்டுவது முற்றத்தில் நிற்கும் சில்வர் ஓக் மரம். நிழலுக்காக வளர்த்து மிளகுக்கொடி ஏற்றிய அந்த மரம் தென்கிழக்கு மூலையில் இருந்தால் காற்றடிக்கும்போதெல்லாம் படம் சில்லுச் சில்லாக உடையும். "அண்ணா, சுவரில் வேண்டாம், கூரையின் அந்த ஓரத்தில் வையுங்கள்" என்று மாட்ட வருபவரிடம் முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. அவருக்குச் சுவர்தான் சுலபம். பனிமூட்டத்தைப் பற்றியும் பயம் வேண்டாம். பத்தடி தள்ளி ஆள் தெரியாத பனியிலும் படம் வரும். மறைப்பது கனமழை, அதுவும் கொட்டித் தீர்க்கும் நேரம் மட்டுந்தான்.

டிஷ்ஷிலும் இரண்டு வகை. மாதக் கட்டணம் கட்டும் டி.டி.எச்., ஒருமுறை வாங்கினால் செலவே இல்லாத ஃப்ரீ டிஷ். 2004 டிசம்பரில் தொடங்கிய இந்த இலவசச் சேவைக்கு பாக்ஸ், கிண்ணம் எல்லாம் சேர்த்து இரண்டாயிரம் ரூபாய் அளவில் முடியும். படத்தைச் சுருக்கி அனுப்பும் பழைய முறைக்கான எம்பெக்-2 பாக்ஸைத் தலையில் கட்டப் பார்ப்பார்கள். எம்பெக்-4 கேளுங்கள், கூடுதல் சேனல் வரும். ஆனால் தமிழ்க் குடும்பத்துக்கு இது அரைச்சாப்பாடு. பொதிகையாக இருந்து 2024 ஜனவரியில் பெயர் மாறிய டிடி தமிழ் வரும், ஆகாசவாணி வானொலிகள் வரும், இந்திச் சேனல்கள் கொட்டிக் கிடக்கும். சன் டி.வி., விஜய் கிடையாது. எஸ்டேட்டில் வேலை செய்யும் வடநாட்டுத் தொழிலாளர் அறைகளுக்குக் கச்சிதம். இரவுத் தொடர் பார்க்கும் அத்தைக்குக் காட்டினால் திட்டு விழும்.

இணையம் வழியாகப் பார்க்கும் ஸ்டிக்கை, புது டி.வி.க்களில் இருக்கும் எச்.டி.எம்.ஐ. இணைப்பிலிருந்து ஏ.வி.க்கு (மூன்று நிறத் துளைகளுக்கு) மாற்றும் கருவி வைத்துப் பழைய டி.வி.யில் மாட்டலாம் என்று பிள்ளைகள் சொல்வார்கள். மாட்டலாம். 14 அங்குலத் திரையில் அந்த எழுத்துகளைப் படிக்கக் கண்ணாடிமேல் கண்ணாடி போட வேண்டும்.

எந்த பாக்ஸ் ஆனாலும் அதன் அமைப்புக்குள் போய்த் திரை அளவை 4:3 என்று மாற்ற மறக்காதீர்கள். அகலத்திரைக்கு விட்டுவைத்தால் எல்லா முகமும் வெண்டைக்காயாக நீண்டு தெரியும். லெட்டர்பாக்ஸ் என்று வைத்தால் மேலும் கீழும் கறுப்புப் பட்டை வரும், ஆனால் படம் முழுதாக இருக்கும். ஓரத்தை வெட்டினால் திரை நிறையும், செய்தியின் அடியில் ஓடும் வரி பாதி காணாமல் போகும். செய்தி பார்ப்பவருக்கு லெட்டர்பாக்ஸ்.

மின்சாரத்தைக் காட்டிப் புது டி.வி. வாங்கச் சொல்பவர்களுக்கும் கணக்கு இருக்கிறது. 14 அங்குலப் படக்குழாய் சுமார் 60 வாட். நாளுக்கு ஆறு மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்துக்கு ஏறத்தாழ 22 யூனிட், சிறிய எல்.இ.டி. 9 யூனிட். மிச்சம் 13 யூனிட். முதல் 100 யூனிட் இலவசம் என்ற நிலையில் சின்னக் குடும்பத்துக்கு அதில் லாபம் இருக்காது. படக்குழாய் மங்கிவிட்டால் மட்டும் மாற்றுங்கள். அதைப் பழுது பார்ப்பதில் அர்த்தமில்லை.

கன்னங்குறிச்சி, மலையடிவாரம் போன்ற இரண்டும் கிடைக்கும் இடங்களில் பக்கத்து வீட்டில் விசாரியுங்கள்: போன மழைக்காலத்தில் கேபிள் எத்தனை நாள் நின்றது, ஆள் எப்போது வந்தார் என்று. எதை எடுத்தாலும் எச்.டி. பேக் வேண்டாம், படக்குழாயில் அந்தப் பணம் தெரியாது. புதிய எச்.டி. பாக்ஸ்கள் சிலவற்றில் ஏ.வி. துளையே இருப்பதில்லை என்பதால், முன்பணம் கொடுப்பதற்கு முன் பாக்ஸின் பின்பக்கத்தையும் திருப்பிப் பாருங்கள். ஹாலில் ஏற்கெனவே எல்.இ.டி. இருந்தால் இரண்டாவது இணைப்புகூடத் தேவைப்படாது: பல பாக்ஸ்களில் எச்.டி.எம்.ஐ.யும் ஏ.வி.யும் ஒரே நேரத்தில் வேலை செய்யும். நீளமான ஏ.வி. வயரைப் பாட்டியின் அறைவரை இழுத்துவிட்டால், ஹாலில் ஓடுவது அங்கேயும் ஓடும். ரிமோட் யார் கையில் என்பதை வீட்டுக்குள் பேசி முடித்துக்கொள்ளுங்கள்.