நீலப் பெட்டிக்குக் காசு கொடுக்காதீர்கள்: திருகோணமலையில் விற்கும் 'ஈ.எம்.பி.' கருவி பற்றி

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் செய்யப் போனதும் நல்ல காரியம் இல்லை. அதனால்தான் இதை எழுத இரண்டு மாதம் எடுத்தது.

எங்கள் வீடு உப்புவெளியில், கடற்கரைக்குப் போகும் ஒழுங்கை ஒன்றில் இருக்கிறது. பின் மதிலுக்கு அந்தப் பக்கம் ஒரு தங்கும் விடுதி. அதன் முற்றத்தில் ஆள் உயர ஸ்பீக்கர் ஒன்று. எங்கள் பின் அறையிலிருந்து சரியாக 20 மீற்றர் (பிறகு அளந்து பார்த்தேன், ஏன் என்று வரும்). வைகாசி தொடங்கி புரட்டாதி வரை கடல் அமைதியாக இருக்கும், ஆட்கள் வருவார்கள். வெள்ளி, சனி என்றால் இரவு ஒன்றரை மணிவரை போகும். பாட்டு என்ன பாட்டு என்றே விளங்காது, அந்த 'டும் டும்' மட்டும் சுவருக்குள்ளால் வரும். அலுமாரிக் கண்ணாடி நடுங்கும். பின் அறையில் படுப்பவர் அப்பா, 81 வயது. "ஜப்பான்காரன் 1942 இல சித்திரை மாசம் ஒரு நாள்தான் வந்து குண்டு போட்டான். இவங்கள் கிழமைக்குக் கிழமை போடுறாங்கள்" என்பார்.

இரண்டு தடவை போய்ச் சொன்னேன். "சரி அங்கிள்" என்று குறைப்பார்கள். நான் வீட்டு வாசலுக்கு வர முன்னம் திரும்பக் கூடிவிடும்.

இந்த நிலையில்தான் அந்த வீடியோ போனுக்கு வந்தது. ஒரு கை, ஒரு நீலப் பெட்டி, அதன் முனையில் செப்புக் கம்பிச் சுருள். பொத்தானை அழுத்தினால் மேசையில் பாடிக்கொண்டிருந்த ஸ்பீக்கர் கப்பென்று நிற்கிறது. கீழே தமிழில் எழுதியிருந்தார்கள்: 'மின்காந்தத் துடிப்புக் (ஈ.எம்.பி.) கருவி. 50 மீற்றர் வரை எந்த எலக்ட்ரோனிக் சாமானும் நிற்கும். 1962 இல் ஹவாய் முழுவதும் இருளில் மூழ்கியது இந்தத் தொழில்நுட்பத்தால்தான்.' 1962, ஹவாய் என்றெல்லாம் போட்டிருந்ததும் நான் விழுந்துவிட்டேன். தேடிப் பார்த்தேன், அப்படி ஒன்று நடந்திருந்தது உண்மை. அத்தோடு தேடலை நிறுத்தியதுதான் என் பிழை.

விற்பவர் நேரில் காட்டுவதாகச் சொன்னார். பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு தேநீர்க் கடையில் சந்தித்தோம். முப்பது வயது இருக்கும், மரியாதையான பெடியன், வாய்க்கு வாய் "அண்ணை". பையிலிருந்து கல்குலேட்டர் ஒன்றை எடுத்து அதன் மேல் சுருளை வைத்து அழுத்தினார். இலக்கங்கள் அழிந்து போயின. அடுத்தது கையடக்க ஸ்பீக்கர் ஒன்று, அதில் பக்திப் பாட்டு. நான்கு அடி தள்ளி நின்று அழுத்தினார். பாட்டு நின்றது. எங்கள் ஊர் மான்களைத் தெரியும்தானே, ஒன்று வாழைப்பழத் தோலுக்காக மேசைவரை வந்து பெட்டியை மோந்துவிட்டுத் திரும்பிப் போனது. நான் 38,500 ரூபாவை எண்ணிக் கொடுத்தேன். பற்றுச்சீட்டு கேட்கவில்லை. இப்படியான சாமானுக்கு யார் பற்றுச்சீட்டு கேட்பது?

அந்தச் சனி இரவு அப்பாவின் கட்டிலுக்குப் பக்கத்து யன்னலில் நின்று அழுத்தினேன். பெட்டிக்குள் 'கீ...' என்று மெல்லிய சத்தம் ஏறியது, பிறகு ஒரு 'டிக்'. அங்கே ஸ்பீக்கர் பாட்டுக்குப் பாடிக்கொண்டே இருந்தது. திரும்ப அழுத்தினேன். முப்பது நாற்பது தடவை இருக்கும். மதிலடிக்குப் போனேன். மதிலுக்கு மேலால் கையை நீட்டியும் அழுத்தினேன், ஒரு பூனை மட்டும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது.

அடுத்த நாள் போன் எடுத்தேன். பற்றரி முழுதாக ஏறியிருக்காது என்றார். ஏற்றிப் பார்த்துவிட்டு மறுபடி எடுத்தேன். "அண்ணை, அது பெரிய ஸ்பீக்கர், அதுக்கு 'புரோ' மொடல் வேணும், இன்னும் 15,000 போடுங்கோ, பழசைத் திருப்பி எடுக்கிறன்" என்றார். மூன்றாவது தடவை அழைப்பே போகவில்லை.

என் மனைவியின் தம்பி டவுணில் போன் திருத்தும் கடை வைத்திருக்கிறான். வெட்கத்தை விட்டு அவனிடம் கொண்டுபோனேன். பின் மூடியைக் கழற்றினான், ஒரு நிமிடம் பார்த்தான், சிரிக்கத் தொடங்கினான்.

"அத்தான், இது பழைய பிலிம் கமராவின்ர பிளாஷ்."

உள்ளே இருந்தது ஒரு பற்றரி, வொல்ட்டைக் கூட்டும் சின்னச் சேர்க்கிட், மின்சாரத்தைச் சேர்த்து வைக்கும் ஒரு கொண்டென்சர், பிறகு அந்தச் செப்புச் சுருள். அவ்வளவுதான். கொண்டென்சரில் 330 வொல்ட், 120 மைக்ரோபரட் என்று எழுதியிருந்தது. கடைப் பற்றுச்சீட்டின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டுக் காட்டினான்: அதில் சேரும் சக்தி ஆறரை ஜூல். ஒரு கிலோ அரிசிப் பொதியை நிலத்திலிருந்து சாப்பாட்டு மேசைக்குத் தூக்கி வைக்கக்கூட அது காணாது. ஹவாயில் நடந்தது 14 இலட்சம் தொன் டி.என்.டி.க்குச் சமமான அணுகுண்டு. 1962 ஜூலை 9, ஜோன்ஸ்டன் தீவுக்கு மேலே 400 கிலோமீற்றர் உயரத்தில் அமெரிக்கா வெடித்துப் பார்த்த 'ஸ்டார்பிஷ் பிரைம்' சோதனை. ஹவாய் அங்கிருந்து 1,400 கிலோமீற்றருக்கு மேல். அவ்வளவு பெரிய குண்டுக்கும் ஹவாய் இருளில் மூழ்கவில்லை. ஒவாகு தீவில் 300 அளவில் தெருவிளக்குகள் அணைந்தன, சில திருட்டு எச்சரிக்கை மணிகள் தானாக அடித்தன. தெருவிளக்குக்குப் போகும் நீளமான கம்பி அன்டெனா மாதிரித் துடிப்பைப் பிடித்துக்கொண்டதுதான் காரணம். 1989 மார்ச்சில் சூரியப் புயலால் கனடாவின் கியூபெக் மாகாணத்தில் ஒன்பது மணித்தியாலம் கரண்ட் போனதும் நூற்றுக்கணக்கான கிலோமீற்றர் நீளமான மின்கம்பிகளால்தான். விடுதிக்காரனின் ஸ்பீக்கருக்குள் இருக்கும் வயரோ சாண் நீளம்.

"அப்ப கல்குலேட்டர் எப்படி நின்றது?" என்று கேட்டேன்.

அதுதான் இதில் கெட்டித்தனமான இடம். கல்குலேட்டர் உண்மையாகவே நின்றது. பரடே 1831 இல் கண்டுபிடித்த மின்காந்தத் தூண்டல்தான், ஏ.எல். பௌதிகம் படிக்கும் எந்தப் பிள்ளையும் சொல்லும். சுருளில் ஒரு கணம் கரண்ட் பாய்ந்தால் காந்தப் புலம் மாறும், ஒட்டினாற்போல் இருக்கும் மலிவான சேர்க்கிட்டில் ஒரு சின்ன வொல்ட் தோன்றும், கல்குலேட்டர் குழம்பி அழிந்துவிடும். திரும்ப ஓன் பண்ணினால் வேலை செய்யும். அன்று யாரும் திரும்ப ஓன் பண்ணிப் பார்க்கவில்லை. ஆனால் சிறிய சுருளின் புலம் தூரத்தோடு மிக வேகமாகச் செத்துவிடும். தூரம் இரண்டு மடங்கானால் எட்டில் ஒன்று, பத்து மடங்கானால் ஆயிரத்தில் ஒன்று. கல்குலேட்டருக்கும் சுருளுக்கும் இடையில் இரண்டு சென்ரிமீற்றர், எங்கள் யன்னலுக்கும் ஸ்பீக்கருக்கும் இடையில் 20 மீற்றர். ஆயிரம் மடங்கு தூரம் என்றால் புலம் நூறு கோடியில் ஒரு பங்கு. கணக்கு முன்னே பின்னே இருந்தாலும், 'புரோ' மொடல் என்ன, அதன் அப்பன் வந்தாலும் எட்டாது.

பாட்டு நின்றதற்குக் காரணம் இன்னும் எளிது. அந்த ஸ்பீக்கர் புளூடூத். பாட்டு வந்தது அவருடைய சட்டைப் பையில் இருந்த போனிலிருந்து. வலது கை பெட்டியை அழுத்தும்போது இடது கை எங்கே இருந்தது என்று மச்சான் கேட்டான். எனக்கு ஞாபகம் இல்லை. நான் பார்த்தது பெட்டியைத்தானே.

உண்மையில் வேலை செய்யும் கருவிகள் இல்லாமல் இல்லை. 2012 இல் அமெரிக்காவின் யூட்டா பாலைவனத்தில் போயிங் நிறுவனமும் விமானப்படையும் சக்திவாய்ந்த மைக்ரோவேவ் அலை வீசும் ஏவுகணை ஒன்றைப் பறக்கவிட்டு, கட்டடத்துக்குள் இருந்த கணினிகளை நிறுத்திக் காட்டின. அது அரசாங்கம் பல வருடம் காசு கொட்டிச் செய்த வேலை. தேநீர்க் கடை மேசையில் கைமாறும் சாமான் இல்லை.

மச்சான் பெட்டியைத் திருப்பித் தந்தபோது கொண்டென்சரின் காலில் என் விரல் பட்டது. பற்றரியைக் கழற்றி அரை மணித்தியாலம் ஆகியிருந்தது. தோள்வரை ஒரு உதை, விரல் நுனியில் வெள்ளையாக ஒரு சூட்டுப் புள்ளி. அவன் ஸ்குரூ டிரைவரால் இரண்டு காலையும் தொடுத்தான், 'டப்' என்று பொறி பறந்தது. வீட்டில் இப்படி ஒரு பெட்டி இருந்தால் பிள்ளைகள் கையில் கொடுக்காதீர்கள், நீங்களும் திறக்காதீர்கள்.

கதையை மனைவியிடம் சொன்னபோது அவள் காசைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. "மாமாவுக்குப் பக்கத்தில நின்றா அழுத்தினீங்க?" என்றாள்.

அப்பாவுக்கு மூன்று வருடமாக நெஞ்சில் பேஸ்மேக்கர் இருக்கிறது, இதயத் துடிப்பைச் சீராக வைத்திருக்கும் எலக்ட்ரோனிக் கருவி. கைபேசியைக்கூட அதிலிருந்து 15 சென்ரிமீற்றர் தள்ளி வைக்கச் சொல்லித்தான் ஆஸ்பத்திரியில் அனுப்பினார்கள், சட்டைப் பையில் போனை வைக்க அவரை நாங்கள் விடுவதில்லை. அவருடைய நித்திரைக்காக வாங்கிய பெட்டியை அவருடைய தலைமாட்டில் நின்று நாற்பது தடவை அழுத்தியிருக்கிறேன். '50 மீற்றரில் எல்லா எலக்ட்ரோனிக் சாமானும் நிற்கும்' என்பதை முழுதாக நம்பிக்கொண்டு. எழுதும்போதும் கை குளிர்கிறது. அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. ஏமாற்றுக்காரன் பொய் சொன்னதற்காக அன்று ஒரு நாள் சந்தோஷப்பட்டேன்.

ஏன் முறைப்பாடு செய்யவில்லை என்று கேட்பீர்கள். அதைத்தான் அந்தப் பெடியன் நன்றாகக் கணக்குப் போட்டிருக்கிறான். அடுத்த வீட்டுக்காரனின் சாமானைப் பழுதாக்க வாங்கினேன் என்று யார் போய்ச் சொல்வது? பற்றுச்சீட்டும் இல்லை. அனுமதிப்பத்திரம் இல்லாமல் வானொலி அலைகளைக் குழப்பும் கருவிகளைப் பாவிப்பது 1991 ஆம் ஆண்டின் 25 ஆம் இலக்கத் தொலைத்தொடர்புகள் சட்டப்படி குற்றம் என்று மச்சான் வேறு பயமுறுத்தினான். இந்தப் பெட்டி எதையும் குழப்பாது என்பது வேறு கதை. இருந்தாலும் கடைசியில் நுகர்வோர் அதிகாரசபையின் 1977 இலக்கத்துக்கு எடுத்து விபரத்தைக் கொடுத்தேன். காசு வரும் என்று நம்பிக்கை இல்லை.

ஸ்பீக்கருக்கு வேறு வழி ஏற்கனவே இருந்திருக்கிறது. இரவு 10 மணியிலிருந்து காலை 6 மணிவரை ஒலிபெருக்கிக்கு அனுமதி கொடுக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2007 இலேயே சொல்லியிருக்கிறது. பொலிஸில் ஒரு முறைப்பாடு எழுதிக் கொடுத்தேன், செலவு ஓட்டோக் காசு மட்டும். அடுத்த சனி பத்தே முக்காலுக்கு நின்றது. அதற்கடுத்த சனி பதினொன்றரை. திரும்பப் போகத்தான் வேண்டியிருக்கும்.

இப்போது எழுதக் காரணம், போன கிழமை தம்பலகாமத்திலிருந்து ஒரு விவசாயி மச்சானின் கடைக்கு ஒரு பெட்டி கொண்டு வந்தார், 'சார்ஜ் ஏறுதில்லை தம்பி' என்று. அதே நீலம், அதே செப்புச் சுருள், பக்கத்தில் அதே இரண்டு ஸ்குரூ. ஒட்டியிருந்த ஸ்டிக்கர் மட்டும் புதிது: 'யானை விரட்டி, 100 மீற்றர்.' வயலில் இரவுக் காவலுக்குப் போகும்போது வெடிக்குப் பதிலாக அதை மட்டும் கையில் வைத்துக்கொண்டு போயிருக்கிறார், இரண்டு இரவு.