ஏழு இரவு கப்பல் கேபின்: எல்லாம் சரி, அந்த நடுக்கதவைத் தவிர

நாலு நட்சத்திரம் கொடுக்கலாம் என்றுதான் எழுத உட்கார்ந்தேன், எழுத எழுத மூன்றுக்கு இறங்கிவிட்டது. கப்பலின் பெயரைச் சொல்லப் போவதில்லை. நான் சொல்லும் தொல்லை அந்த ஒரு கப்பலோடு நிற்பதில்லை, அடுத்தடுத்த கேபின்களும் சின்னக் குழந்தைகளும் இருக்கிற எந்தக் கப்பலிலும் நடக்கக்கூடியதுதான்.

நாங்கள் நாலு பேர். நான், என் கணவர், நாலு வயது மகள், பத்து மாதப் பையன். ஏழு இரவு, பால்கனி கேபின். கேபின் சுத்தமாக இருந்தது, கேட்ட அரை மணி நேரத்தில் மடக்குத் தொட்டில் வந்தது, படுக்கை நன்றாக இருந்தது, குளியலறையில் குழந்தையைக் குளிப்பாட்ட முதுகை ஒடித்துக்கொள்ள வேண்டியிருந்தது, ஆனால் அது எந்தக் கப்பலிலும் அப்படித்தான். இதையெல்லாம் ஒரு வரியில் முடித்துக்கொள்கிறேன், ஏனென்றால் என்னைத் தூங்க விடாதது வேறு.

படுக்கைக்கு எதிரே, அலமாரிக்குப் பக்கத்தில் இன்னொரு கதவு இருந்தது. மகள் அதை இன்னொரு குளியலறை என்று நினைத்தாள். கைப்பிடியைத் திருகிப் பார்த்தாள், திறக்கவில்லை, தட்டினாள். அந்தப் பக்கத்திலிருந்து யாரோ திருப்பித் தட்டினார்கள்.

அவளுக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்ல முடியாது. எனக்கு வயிற்றைக் கலக்கியது. அது கனெக்டிங் கதவு. பெரிய குடும்பங்கள் இரண்டு கேபின் எடுத்தால் நடுவில் திறந்துகொள்வதற்காக வைப்பது, மற்ற நேரத்தில் பூட்டியே இருக்கும். நாங்கள் எடுத்தது ஒரே கேபின், அந்தப் பக்கம் முன்பின் தெரியாதவர்கள். முன்பதிவு செய்யும்போது இதைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. டெக் வரைபடத்தில் இரண்டு கேபின்களுக்கு நடுவில் கடுகு அளவுக்கு ஒரு அம்புக்குறி இருந்ததை வீட்டுக்கு வந்த பிறகுதான் பார்த்தேன். அது என் தப்பும்தான்.

அந்தக் கதவு வழியாக என்னென்ன கேட்டது என்றால், பக்கத்து டிவியில் செய்தி வாசிப்பவர் மூச்சு வாங்குவது கேட்டது. விடியற்காலை அலாரம் கேட்டது, அதை அவர்கள் இரண்டு முறை தள்ளிவைப்பது கேட்டது, ஒருவருக்கு இருமல் இருந்தது, அது எந்த மாத்திரைக்கும் கட்டுப்படவில்லை என்பது மூன்றாவது நாளே எங்களுக்குத் தெரிந்துவிட்டது. அவர்கள் இழுப்பறையைச் சாத்தும்போதெல்லாம் பையன் தூக்கத்தில் இரண்டு கைகளையும் விரித்து ஒரு குலுக்குக் குலுக்கிவிட்டு மறுபடி தூங்குவான், அல்லது தூங்க மாட்டான்.

கப்பல் கேபின் கட்டப்படும் விதத்தைத் தெரிந்துகொண்டால் இதில் பாதி புரிந்துவிடும். கேபின்கள் பெரும்பாலும் தொழிற்சாலையில் முழுப் பெட்டியாகச் செய்யப்பட்டு, கப்பல் கட்டும்போது உள்ளே தள்ளிப் பொருத்தப்படுகின்றன. சுவர் என்பது இரண்டு மெல்லிய எஃகுத் தகடு, நடுவில் கனிமக் கம்பளி, அதாவது பாறையை உருக்கிப் பஞ்சு மாதிரி இழையாக்கியது. அந்தக் கம்பளி முதலில் நெருப்பைத் தடுக்கத்தான், சத்தத்தைக் குறைப்பது கூடவே கிடைக்கும் லாபம். எஃகு என்பதால் சுவரில் காந்தம் ஒட்டும். இது ஒரு பழைய கப்பல் பயணத் தந்திரம், தாள்களைத் தொங்கவிட வசதி என்று நானும் ஒரு பை நிறையக் காந்தம் கொண்டுபோயிருந்தேன். மகள் அதை எடுத்து ஒவ்வொன்றாகச் சுவரில் டக், டக் என்று ஒட்டினாள், பிய்த்தாள், ஒட்டினாள். அந்தப் பக்கம் அது எப்படிக் கேட்டிருக்கும் என்று யோசிக்க எனக்கு அரை நாள் ஆயிற்று. காந்தங்கள் அன்று சாயங்காலமே பெட்டிக்குள் போய்விட்டன.

பன்னாட்டுக் கடல்சார் அமைப்பு 2012ல் ஒரு சத்த விதித்தொகுப்பை ஏற்றது, 2014 ஜூலை முதல் அது நடைமுறையில் இருக்கிறது. அதன்படி கேபினுக்கும் கேபினுக்கும் நடுவில் சுவர் குறைந்தது 35 டெசிபெல் தடுக்க வேண்டும், நடுவில் கனெக்டிங் கதவு இருந்தால் 30 போதும். கதவு இருந்தால் சத்தம் கூடத்தான் வரும் என்று விதியே ஒத்துக்கொள்கிறது பாருங்கள். ஐந்து டெசிபெல்தானே என்று தோன்றும், ஆனால் ஒலியின் ஆற்றல் கணக்கில் அது மூன்று மடங்குக்கு மேல். இன்னொரு வேடிக்கை, அந்த விதி கப்பல் ஊழியர்களின் கேபின்களுக்காக எழுதப்பட்டது. பயணிகளின் கேபின் அதில் வராது, அது கப்பல் நிறுவனம் தானாகப் பார்த்துச் செய்வதுதான்.

இப்போது இன்னொரு கணக்கு. பையன் ஆத்திரத்தோடு அழுதால் பக்கத்தில் நிற்பவருக்கு 90 டெசிபெலுக்குக் குறையாது. நடுக்கதவே இல்லாத சுவரின் 35ஐக் கழித்தாலும் 55. அதாவது அடுத்த கேபின்காரரின் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து யாரோ சாதாரணமாகப் பேசிக்கொண்டிருப்பது மாதிரி, இராத்திரி இரண்டு மணிக்கு. படுக்கையறைக்குள் 30 டெசிபெல்லுக்கு மேல் போகாமல் இருந்தால் தூக்கத்துக்கு நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 1999லேயே சொல்லியிருக்கிறது. ஆக சுவர் விதிப்படி ஒழுங்காக இருந்தாலும் என் பிள்ளை அவர்களைத் தூங்க விட மாட்டான்.

எனக்கு உண்மையில் பெரிய பாரம் இதுதான். அவர்கள் டிவியால் நான் தூங்காமல் இருந்தது ஒரு மணி நேரம் என்றால், நம்மால் அவர்கள் விழித்திருப்பார்களோ என்று கொட்டக் கொட்ட விழித்துக் கிடந்தது மூன்று மணி நேரம். பையன் சிணுங்க ஆரம்பித்த உடனே, அவன் சரியாக விழிப்பதற்கு முன்பே, வாரித் தூக்கிக்கொண்டு குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வேன். வீட்டில் என்றால் இரண்டு நிமிடம் விட்டிருப்பேன், அவனே தூங்கியிருப்பான். கப்பலில் அவசரப்பட்டுத் தூக்கித் தூக்கி, ஐந்தாவது நாளுக்குள் தூக்கினால்தான் தூங்குவேன் என்று பழகிவிட்டான்.

இரண்டாம் நாள் காலை ஆறு மணிக்கு மகள் எழுந்து நேராகப் போய் அந்தக் கதவைத் தட்டினாள். முதல் நாள் பதில் கிடைத்ததல்லவா! நான் கட்டிலிலிருந்து பாய்ந்தேன். பதில் வரவில்லை, இருமல் மட்டும் வந்தது.

அன்று மத்தியானம் நடைபாதையில் அவர்களைப் பார்த்தோம். வயதான தம்பதி. அந்த அம்மா குனிந்து மகளிடம், "தட்டுறது நீதானா?" என்றார். நான் மன்னிப்புக் கேட்க ஆரம்பித்தேன், அவர் இடைமறித்து, "அதை விடுங்கம்மா, எங்க டிவி உங்களுக்குக் கேக்குதா? இவருக்குக் காது கொஞ்சம் மந்தம், சத்தமா வைப்பார்" என்று கேட்டார். நான், "இல்லைங்க, ஒண்ணுமே கேக்கலை" என்றேன். கணவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்த ஒரு பொய்க்கு இன்னும் இரண்டு இராத்திரி செய்தி கேட்டோம். வாய் வரைக்கும் வந்த உண்மையை விழுங்கியதற்கு நான்தான் பொறுப்பு, கப்பலுக்கு அதில் நட்சத்திரம் குறைக்க முடியாது.

வேறு சத்தங்களும் உண்டு, அவற்றுக்கு அண்டை வீட்டார் பொறுப்பில்லை. எங்கள் தலைக்கு மேலே நீச்சல் குளத் தளம். காலை ஐந்தரைக்குச் சாய்வு நாற்காலிகளை வரிசையாக இழுத்துப் போடுவார்கள், கர்ர்ர் என்று ஒரு பத்து நிமிடம். பேச்சுச் சத்தம் காற்றில் வருகிறது, அதைக் கதவும் சுவரும் ஓரளவு மறிக்கும். ஆனால் இழுப்பது, குதிப்பது, பந்து தட்டுவது எல்லாம் எஃகிலேயே ஏறி ஓடும், காது அடைப்பான் வைத்தாலும் தலையணை வழியாக உணரலாம். அதனால் மேலேயும் கீழேயும் கேபின்களே இருக்கிற தளத்தில் இடம் பிடிப்பது நல்லது, மேலே குளமோ உணவுக்கூடமோ, கீழே அரங்கமோ நடனக் கூடமோ வேண்டாம். துறைமுகத்துக்குள் நுழையும்போது முன்பக்கத்தில் கப்பலைப் பக்கவாட்டில் தள்ளும் உந்திகள் ஓடும், அது பெரும்பாலும் விடியற்காலையில், முன்பக்கக் கேபின்காரர்கள் பாவம். கப்பலின் பின்கோடியில் இருந்தால் உந்துவிசிறியின் அதிர்வு. லிஃப்ட் பக்கம் இருந்தால் நள்ளிரவு வரை சிரிப்பும் பேச்சும். ஆக நடுப்பகுதி, ஆனால் லிஃப்டிலிருந்து ஏழெட்டுக் கதவு தள்ளி. 'எந்தக் கேபின் வந்தாலும் சரி' என்று விலை குறைவாகக் கொடுக்கும் திட்டத்தில் இதையெல்லாம் தேர்ந்தெடுக்க முடியாது, கைக்குழந்தையோடு போகிறவர்கள் அதைத் தொடாமல் இருப்பதே மேல்.

பால்கனியைப் பற்றியும் ஒரு வார்த்தை. குழந்தைகள் தூங்கிய பிறகு நாம் இருவரும் பால்கனியில் உட்கார்ந்து பேசலாம் என்றுதான் கூடுதல் பணம் கொடுத்தோம். நடுவில் இருப்பது ஒரு தடுப்புப் பலகை, மேலேயும் கீழேயும் இடைவெளி. நாங்கள் கிசுகிசுத்ததே அவர்களுக்குத் தெளிவாகக் கேட்டிருக்கும். இரண்டு இரவு மாமியாரைப் பற்றிப் பேசியிருக்கிறோம், போகட்டும்.

சேவை எப்படி என்றால், இதற்காகத்தான் மூன்றுக்குக் கீழே இறங்கவில்லை. இரண்டாம் நாள் வரவேற்பு மேசைக்குப் போனேன். கேபின் மாற்ற முடியாது, கப்பல் நிரம்பிவிட்டது என்றார்கள், கையில் இரண்டு ஜோடி காது அடைப்பான் கொடுத்தார்கள். பத்து மாதக் குழந்தையின் காதில் அதை வைக்கவா என்று கேட்டேன், அந்தப் பெண் பாவம், அவருக்கே சங்கடமாகிவிட்டது. மூன்றாம் நாள் மறுபடி போனேன். இந்த முறை "சத்தமாக இருக்கிறது" என்று பொதுவாகச் சொல்லாமல், "நடுக்கதவின் கீழ்ப்பக்கம் வெளிச்சம் தெரிகிறது" என்றேன். அதற்கு உடனே ஆள் வந்தது. நம் கேபினைப் பார்த்துக்கொள்ளும் ஊழியர் குளியல் துண்டுகளைக் கயிறு மாதிரி முறுக்கி இடைவெளியில் திணித்தார், அதற்கே கொஞ்சம் குறைந்தது. அலமாரியில் வெறும் ஹேங்கர்கள் கப்பல் ஆடும்போது ஒன்றோடொன்று மோதிக் கிணுகிணுத்துக்கொண்டிருந்தன, அவற்றையும் அவரே கழற்றிக் கொண்டுபோனார், நாங்கள் சொல்லக்கூட இல்லை. நாலாம் நாள் பராமரிப்புப் பிரிவிலிருந்து ஒருவர் வந்து கதவைச் சுற்றியுள்ள ரப்பர் பட்டை ஒரு பக்கம் முழுக்கப் பிய்ந்து தொங்குவதைக் காட்டிவிட்டு, புதிதாக ஒட்டினார். இருபது நிமிட வேலை. அன்றிரவு செய்தி வாசிப்பவர் முணுமுணுப்பாகிவிட்டார். என்ன செய்தி என்று புரியாவிட்டால் தூங்கிவிடலாம், புரிந்தால்தான் மூளை கூடவே ஓடுகிறது.

வைட் நாய்ஸ் கருவி, அதாவது சீராக இரைந்து மற்ற சத்தங்களை மறைப்பது, ஒன்று கொண்டுபோனோம், பேட்டரியில் ஓடுவது. பேட்டரி என்று அழுத்திச் சொல்லக் காரணம், நீட்டிப்பு வயர்களைப் பல கப்பல்களில் அனுமதிப்பதில்லை, பெட்டிச் சோதனையிலேயே எடுத்து வைத்துவிடுவார்கள், கேபினில் இருக்கும் பிளக் பாயிண்டுகளோ கைப்பேசிக்கே போதாது. கருவி உதவியது. ஆனால் தொட்டிலுக்குள்ளேயே வைத்து முழுச் சத்தத்தில் விடாதீர்கள். 2014ல் குழந்தை மருத்துவ இதழ் ஒன்றில் வந்த ஆய்வில், குழந்தைகளுக்கான 14 தூக்கக் கருவிகளைச் சோதித்துப் பார்த்து, முழுச் சத்தத்தில் இரண்டு மீட்டர் தள்ளி வைத்தாலும் ஒன்றைத் தவிர எல்லாமே 50 டெசிபெலைத் தாண்டின என்று சொல்லியிருந்தார்கள். கேபினில் இரண்டு மீட்டர் தள்ளி என்றால் கிட்டத்தட்டக் குளியலறை வாசல். அங்கேதான் வைத்தோம், குறைந்த சத்தத்தில்.

தொட்டிலை எங்கே போடுவது என்பதும் முக்கியம், ஊழியர்கள் இடம் இருக்கும் பக்கமாகப் போட்டுவிட்டுப் போவார்கள். எங்களுக்கு நடுக்கதவை ஒட்டிப் போட்டிருந்தார்கள், அவன் அழுதாலும் நேராக அந்தப் பக்கம்தான் போகும், அவர்கள் தும்மினாலும் நேராக அவன் காதில்தான் விழும். மூன்றாம் நாள் சோபாவை நகர்த்திவிட்டு தொட்டிலைப் பால்கனிப் பக்கம் கொண்டுபோனோம். முதல் நாளே செய்திருக்க வேண்டியது. மகளுக்கு மேலிருந்து இறக்கும் பங்க் படுக்கை கொடுத்தார்கள், அவளுக்கு அது அரண்மனை, எனக்கு ஏணியில் அவள் தடதடவென இறங்கும் ஒவ்வொரு முறையும் நெஞ்சு பக்கென்றது. ஏணியின் மேல்முனை சுவரில் இடிக்கும் இடத்தில் சாக்ஸ் மாட்டிவிட்டோம்.

நடைபாதைக் கதவுகள் கனமானவை, தாமாகச் சாத்திக்கொள்ளும், தீப்பாதுகாப்புக்காக அப்படி. விட்டால் படாரென்று அடிக்கும். கையால் பிடித்து மெதுவாக விடவேண்டும் என்று மகளுக்குச் சொல்லிக் கொடுத்தோம், அவள் அதை வேலையாகவே எடுத்துக்கொண்டு, அந்த வரிசையில் யார் கதவைப் படாரென்று விட்டாலும் "உஷ்ஷ்" என்று சத்தமாகச் சொல்ல ஆரம்பித்தாள். அந்த உஷ்ஷ்தான் நடைபாதையிலேயே பெரிய சத்தம்.

மறுபடி போவோமா? போவோம், அடுத்த முறை நடுக்கதவு இல்லாத கேபின் என்று முன்பதிவிலேயே எழுதி வாங்கிக்கொண்டு. மூன்று நட்சத்திரம். அந்த ரப்பர் பட்டையை நாங்கள் ஏறுவதற்கு முன்பே யாராவது பார்த்திருந்தால் நாலு.