பல் செட் ஒட்டக் கொடுத்தோம், 3,800 ரூபாய் போனது. குமரி மாவட்டத்துக்காரர்கள் கவனியுங்கள்

இன்று காலை நாகர்கோவிலில் ஒரு பல் டாக்டரைப் பார்த்துவிட்டு இப்போதுதான் வீட்டுக்குள் நுழைந்தேன். ஆத்திரம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். உங்கள் வீட்டிலும் பல் செட் போட்ட பெரியவர்கள் இருப்பார்கள். என்ன செய்ய வேண்டும், என்ன செய்யக் கூடாது என்று முழுசாகச் சொல்கிறேன்.

அம்மாவின் மேல் செட் எட்டு வருடம் பழகியது. மூன்று வாரத்துக்கு முன்னால் குழாயடியில் கழுவும்போது கை வழுக்கி, சிமெண்ட் தரையில் விழுந்து நடுவே இரண்டாகப் போனது. பல் எதுவும் தெறிக்கவில்லை. இரண்டு துண்டையும் சேர்த்துப் பிடித்தால் ஒரு கோடு மட்டும்தான் தெரிந்தது.

பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில், உடைந்த செட்டை ஒரே நாளில் சரிசெய்து தருவதாக போர்டு வைத்த ஒற்றை அறைக் கடை. அங்கே இருந்தவர் துண்டுகளை உள்ளங்கையில் சேர்த்து வைத்து, விரலால் கோட்டைத் தடவிக் காட்டினார். “கவலைப்படாதீங்க அம்மா, ராத்திரி மரச்சீனியும் மீன்கறியும் தின்னலாம்” என்றார். அதுவரை சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டிருந்த அம்மா, தலைப்பை விட்டுவிட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்துத்தான் நான் நம்பினேன். 800 ரூபாய் ரொக்கமாகக் கொடுத்தேன். ரசீது கேட்டதற்கு, “நம்ம ஆளுக்கு எதுக்குக்கா ரசீது?”

மத்தியானம் போன் வந்தது. வெறுமனே ஒட்டினால் நிற்காதாம், உள்ளே கம்பி வலை வைக்க வேண்டுமாம், இன்னும் 3,000. போனிலேயே அனுப்பினேன். ஆக 3,800.

ஒரே நாள் என்றது ஒரு வாரம் ஆனது. கொண்டுவந்த மூன்றாம் நாள், இட்லி தின்னும்போது அதே இடத்தில் விட்டுப்போனது. இட்லி! அம்மாவின் அண்ணத்தில் கீறல். ஒட்டின இடத்தில் வெள்ளை வெள்ளையாகப் பூத்திருந்தது.

அப்புறம் தொடங்கியது அலைச்சல். சூடாக எதையோ குடித்திருப்பார்கள் என்றார்கள். வாங்கி வைத்துக்கொண்டு, லேப்புக்குப் போயிருக்கிறது என்றார்கள். டாக்டர் வரட்டும் என்றார்கள். எந்த டாக்டரையும் நான் அங்கே பார்த்ததில்லை. பிறகு போனை எடுக்கவே இல்லை. நேற்று சாயங்காலம் அம்மாவையும் கூட்டிக்கொண்டு போய் நின்றேன். துண்டுகளை ஒரு கவரில் போட்டு மேசையில் தள்ளிவிட்டு, “வயசானவங்க கடிக்கத் தெரியாம கடிச்சா நாங்க என்ன செய்ய?” என்றார். அம்மா மறுபடி தலைப்பால் வாயை மூடிக்கொண்டாள். “வா மக்களே, போவோம்” என்று என் கையைப் பிடித்து இழுத்தாள்.

இன்று டாக்டர் துண்டை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். கம்பியும் இல்லை, வலையும் இல்லை. கடையில் கிடைக்கும் சாதாரணப் பசையால் ஒட்டியிருக்கிறார்கள். முறையாகச் செய்வதென்றால் துண்டுகளை மெழுகால் பொருத்தி, பிளாஸ்டரில் அச்சு வார்த்து, உடைந்த ஓரத்தைக் கொஞ்சம் ராவி, செட் செய்கிற அதே பிளாஸ்டிக்கான அக்ரிலிக்கைப் புதிதாக நிரப்பி இறுக வைப்பார்களாம். இவர்கள் பசை போட்டு ஓரத்தையும் கண்டபடி ராவிவிட்டதால் துண்டுகள் இனி ஒன்றோடொன்று சேராது. புது செட்தான் கட்ட வேண்டும். எட்டு வருடம் வாய்க்குப் பழகியது போயிற்று. 3,800 ரூபாயும் போயிற்று. அம்மாவுக்கு மூன்று நேரமும் கஞ்சி.

முழுசாகச் சொல்கிறேன் என்றேன், உட்கார்ந்து எழுதப் பொறுமை இல்லை. சுருக்கமாக: ரசீது இல்லாமல் ஒரு ரூபாய் கொடுக்காதீர்கள். கொடுக்கும் முன் துண்டுகளைப் போட்டோ எடுங்கள். பல் மருத்துவ கவுன்சிலில் பதிவு செய்த டாக்டர்தானா என்று கேளுங்கள், பதிவு எண்ணைப் பாருங்கள். வீட்டில் நீங்களும் பசை போடாதீர்கள். ஏமாந்தால் நுகர்வோர் உதவி எண் 1915. நாகர்கோவிலில் நுகர்வோர் கோர்ட் இருக்கிறது, இரண்டு வருடத்துக்குள் போடலாம். நான் அனுப்பிய 3,000-க்குப் போனில் கணக்கு இருக்கிறது, அதை வைத்து நானும் போடப் போகிறேன். அப்புறம், செட்டைக் கழுவும்போது கீழே ஒரு பாத்திரத்தில் தண்ணீர் வைத்துக் கழுவச் சொல்லுங்கள்.