காதுகுத்துப் படத்தில் வெள்ளைக் கண்: ‘ஒயிட் ஐ டிடெக்டர்’ செயலி பற்றி

கோபிசெட்டிபாளையத்தை அடுத்த எங்கள் குலதெய்வக் கோயிலில் அக்கா மகளுக்குக் காது குத்தியபோது, தாய்மாமன் என்ற முறையில் குழந்தை என் மடியில்தான் இருந்தாள். ஃபிளாஷ் போட்டு எடுத்த படமொன்றில் அவளது இடது கண்ணின் பாப்பா மட்டும் வெள்ளையாக மின்னியது. "புள்ளைக்குப் பூனைக்கண்ணு" என்று அவளுடைய அம்மாயி பூரித்தார். எனக்கு அன்றிரவு தூக்கம் வரவில்லை. ஆண்ட்ராய்டு, ஆப்பிள் கைபேசி இரண்டுக்கும் இலவசமாகக் கிடைக்கும், படங்களில் இப்படி வெள்ளையாகத் தெரியும் கண்களைக் கண்டுபிடித்துக் காட்டும் ‘ஒயிட் ஐ டிடெக்டர்’ செயலியைத் தேடி நிறுவியது அப்போதுதான்.

ஃபிளாஷ் ஒளி விழித்திரைக்குப் பின்னுள்ள இரத்த நாளங்களில் பட்டுத் திரும்புவதால்தான் படத்தில் கண் சிவப்பாகத் தெரிகிறது. உள்ளே விழித்திரைப் புற்றுக்கட்டியோ கண்புரையோ இருந்தால் அந்தச் சிவப்பு வெள்ளையாக மாறக்கூடும். அமெரிக்காவின் பேலர் பல்கலைக்கழக வேதியியல் பேராசிரியர் பிரையன் ஷா, இந்தப் புற்றுக்குத் தம் மகன் ஒரு கண்ணை இழந்த பிறகு வீட்டுப் படங்களைப் புரட்டியபோது, பிறந்த 12ஆம் நாள் படத்திலேயே அந்த வெண்மை இருந்ததைக் கண்டார். செயலி அந்தத் துயரத்தில் பிறந்தது. 40 குழந்தைகளின் 52,982 படங்களில் அதைச் சோதித்து 2019இல் வெளியிட்ட ஆய்வின்படி, கண் நோயிருந்த 20 பேரில் 16 பேருக்கு, நோய் கண்டறியப்படுவதற்குச் சராசரியாக 1.3 ஆண்டுகள் முன்பே எடுத்த படங்களில் அது வெண்மையைக் கண்டுபிடித்தது. சிறுவயதுக் கண் புற்றில் அத்தனை மாதங்கள் என்பது பார்வையையும் சில வேளை உயிரையும் காப்பாற்றும் அவகாசம்.

மீதி 4 பேரையும் நான் மறக்கவில்லை. செயலி எதையும் காட்டாவிட்டாலும், ஒரே கண்ணில் வெண்மை திரும்பத் திரும்பத் தெரிந்தாலோ மாறுகண் தோன்றினாலோ மருத்துவரிடம் போயாக வேண்டும்.

எங்கள் படத்தையும் செயலி தனியே எடுத்துக் காட்டவே, மறுநாளே குழந்தையைக் கோவையிலுள்ள ஒரு கண் மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். சொட்டு மருந்து விட்டுப் பாப்பாவை விரியவைத்துப் பார்த்த மருத்துவர், நோய் எதுவும் இல்லை என்றார். கண் சற்று மூக்குப் பக்கம் திரும்பியிருக்கும்போது ஃபிளாஷ் ஒளி பார்வை நரம்பு தொடங்கும் வெளிர் வட்டத்தில் பட்டுத் திரும்பினால், நலமான கண்ணும் வெள்ளையாகத் தெரியுமாம். அந்தப் பயணத்தை வீண் அலைச்சல் என்று நான் கருதவில்லை. அம்மாயியும் இப்போது பூனைக்கண் பேச்சை எடுப்பதில்லை.

பயன்படுத்துவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். விசேஷ வீட்டு ஆல்பங்களில் சிவந்த கண்களையெல்லாம் கறுப்பாகத் திருத்திவிடுவார்கள். அதில் நோயின் அடையாளமும் சேர்ந்து அழிந்துவிடலாம். ஆகவே உறவினர் கைபேசிகளில் கிடக்கும் திருத்தாத படங்களைக் கேட்டு வாங்கிச் செயலியிடம் கொடுங்கள். உங்கள் கேமராவில் சிவப்புக் கண்ணைக் குறைக்கும் வசதி இருந்தால் அதை அணைத்துவையுங்கள். அக்கா இப்போது மாதந்தோறும் ஃபிளாஷ் போட்டு, மகள் கேமராவை நேராகப் பார்க்கும்படி சில படங்கள் எடுத்துவைக்கிறார்.